பெரியம்மாவும் பால்கோவாவும்: ஒரு ஆபரேஷனின் நூறு வருஷக் கதை

இந்த எபிசோட் எங்க வீட்டுல இருந்தே ஆரம்பிக்குது.

எங்க பெரியம்மா ராஜபாளையம். சர்க்கரை, முட்டி வலி, கூடவே உடல் எடை. போன வருஷம் எடை குறைக்கிற பைபாஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. நாலு மாசம் கழிச்சு ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான். ஆண்டாளைக் கும்பிட்டுட்டு வெளிய வந்தா பால்கோவா கடை. "ரெண்டு ஸ்பூன்தான்யா"ன்னாங்க. நானும் வாங்கிக் கொடுத்துட்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகல. முகமெல்லாம் வேர்த்துப் போச்சு, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. எனக்கு ஹார்ட் அட்டாக்னுதான் தோணுச்சு. நல்லவேளை, இல்லை. டாக்டர் சொன்ன பேரு 'டம்பிங்'. அந்தப் பேரைத் தேடிப் போனப்போதான் இந்த எபிசோடுக்கான கதையே கிடைச்சது.

முதல்ல, அது என்னன்னு பார்த்துடலாம். இரைப்பையோட வாசல்ல ஒரு தசை வளையம் இருக்கு. சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா குடலுக்கு அனுப்புறது அதோட வேலை. எங்க வேலையில ரேட் லிமிட்டர்னு சொல்வோமே, அதே மாதிரி. பைபாஸ்ல சாப்பாடு அந்த வாசல் வழியா போறதில்லை. இனிப்பு மொத்தமா சிறுகுடல்ல போய் விழுது. அதைக் கரைக்க உடம்புல இருக்குற தண்ணி குடலுக்குள்ள பாயுது. அதான் வேர்வை, படபடப்பு. சிலருக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்சுலின் அதிகமா சுரந்து, சர்க்கரை சட்டுனு இறங்கிடும். 1922-லேயே மிக்ஸ் என்ற மருத்துவர் இதை எக்ஸ்ரேயில் பார்த்து 'டம்பிங்' என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டார். எடை குறைக்கிற கேஸ்ட்ரிக் பைபாஸ் வர்றதுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல முன்னாடி! அது எப்படி?

ஏன்னா, குடலை வேற வழியில இணைக்கிற இந்த வேலை முதல்ல குண்டானவங்களுக்காக வந்ததே இல்லை. 1881-ல் வியன்னாவில் பில்ராத், இரைப்பைப் புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். அதே வருஷம் அவருடைய உதவியாளர் வுல்ஃப்ளர் இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்தார். பிறகு அந்த இணைப்பு குடல்புண்ணுக்கான வைத்தியமாகப் பரவியது.

அது பெரிய அளவில் நடந்த இடங்களில் ஒன்று நம்ம பக்கத்திலேயே இருக்கு: நெய்யூர். இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டம், அப்போ திருவிதாங்கூர். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன ஹோவர்ட் சாமர்வெல், லண்டன் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இங்கே வந்து சேர்ந்தார். 1936-ல் அவரும் ஆர் என்ற மருத்துவரும் சேர்ந்து, தென்னிந்தியாவின் குடல்புண் நோயாளிகள் 2,500 பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அங்கே வந்தவர்களில் பலர் மரவள்ளிக் கிழங்கிலும் சோற்றிலும் வயிற்றை நிரப்பிய ஏழைகள்.

குன்னூரில் மெக்காரிசன் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்துச் சோற்றுச் சாப்பாட்டில் வளர்ந்தவை பின்தங்கின. இதைக் கேட்டதும் "சோறு கெட்டது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. பிரச்சினை தட்டில் இருந்த சோறு மட்டும் இல்லை, பக்கத்தில் குறைஞ்சுபோன பாலும்தான்.

அப்புறம் அமெரிக்கா. அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் ஒன்றைக் கவனித்தார்: புண்ணுக்காக இரைப்பையில் பாதி எடுத்த பெண்களுக்கு எடை ஏறவே மாட்டேங்குது. அந்தப் பக்கவிளைவையே வைத்தியமாக்கினால் என்ன? 1966-ல் எடை குறைக்க முதல் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தார். பசியால் மெலிந்தவர்களின் நோய்க்குப் பயன்பட்ட இணைப்பு, எடை குறைக்கிற வழியா மாறிடுச்சு. கூடவே டம்பிங்கும் வந்துச்சு.

இப்போ பெரியம்மாவுக்கு வருவோம். பால்கோவாவை விட பெரிய தப்பு எங்க வீட்டு அடுப்படியில நடந்துட்டு இருந்துச்சு. "வயிறு சின்னதாயிடுச்சு, லேசாக் கொடுப்போம்"னு நாலு மாசமா கஞ்சி, ஜூஸ், இடியாப்பம். முடி கொத்துக் கொத்தா கொட்டுது, மாடிப்படி ஏற முடியல. டயட்டீஷியன் கணக்குப் போட்டுக் காட்டினாங்க: ஒரு நாளைக்குக் குறைஞ்சது 60 கிராம் புரதம் வேணும். ஒரு டம்ளர் கஞ்சியில 2, 3 கிராம் இருந்தா அதிகம். புரதம் பத்தலைன்னா உடம்பு கொழுப்போட சேர்த்துத் தசையையும் கரைச்சுக்கும்.

அதுக்காக சோத்தை அடியோட நிறுத்தவும் சொல்லல. வரிசையை மாத்தச் சொன்னாங்க. முதல்ல முட்டை, மீன், பருப்பு, சுண்டல். அப்புறம் காய். வயித்துல இடம் இருந்தா கடைசியா ரெண்டு கரண்டி சோறு. தண்ணி சாப்பாட்டோட கிடையாது, அரை மணி நேரம் தள்ளி. ஒரு முட்டைக்கு 6 கிராம், ஒரு டம்ளர் பாலுக்கு 6, 7 கிராம்னு பெரியம்மா காலண்டர் தாள்ல எழுத ஆரம்பிச்சாங்க. குறையறதுக்குப் பவுடர்.

1952-ல் இதே ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் இருந்துதான் காமராஜர் மக்களவைக்குப் போனார். முதல்வரான பிறகு பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டார். 1982-ல் அது சத்துணவா விரிஞ்சது. 1989-ல், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு, அந்தத் தட்டுல முட்டை வந்துச்சு. முதல்ல வயிறு நிறையணும், அப்புறம்தான் புரதம். ஒரு தலைமுறைக்கு அது சரியான வரிசை. பெரியம்மாவும் அந்தத் தலைமுறைதான். சோறு இல்லாத தட்டு அவங்களுக்குப் பட்டினி மாதிரி. "கடைசில சோறு வைக்கிறது மனசுக்கு ஒப்பலய்யா"ன்னு அவங்க சொன்னப்போ எனக்குச் சிரிப்பு வரல.

இந்த மாசம் முடி கொட்டுறது குறைஞ்சிருக்கு. மாடி ஏறி வந்து துணி காயப்போடுறாங்க. உங்க வீட்டுல யாராவது இந்த ஆபரேஷன் பண்ணியிருந்தா, அவங்க டாக்டர் கொடுத்த டயட் சீட்டை எடுத்துப் பாருங்க. கஞ்சி வைக்கிறதுக்கு முன்னாடி. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.