ஆயிரம் டாலர் ஓய்வூதியமும் ஓர் ஓவியக்கூடமும்

1830-ல் ஜான் ட்ரம்புலுக்கு வயது 74. நியூயார்க்கில் தனியாக இருந்தார். மனைவி சாரா இறந்து ஆறு வருடமாகிவிட்டது. கையில் காசில்லை, கடன் இருந்தது. சுவரெங்கும் அவர் வரைந்த ஓவியங்கள். விற்கலாம்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுக்குப் போய்விடும். ஒரு போரின் கதையை வரிசையாகச் சொல்லும் ஓவியங்கள் அவை. பிரித்தால் கதை போய்விடும்.

அமெரிக்க விடுதலைப் போரை உள்ளிருந்தே பார்த்தவர் அவர். கனெக்டிகட் ஆளுநரின் மகன். சிறுவயதில் மாடிப்படியில் விழுந்ததில் ஒரு கண்ணின் பார்வை ஏறத்தாழப் போய்விட்டது. அந்தக் குறையோடு ஹார்வர்டில் படித்து முடித்தார். 1775-ல் படைத்தளபதி வாஷிங்டனின் உதவி அதிகாரியாகச் சில காலம் இருந்தார். ஓவியம் கற்க லண்டன் போனபோது ஒற்றன் என்ற சந்தேகத்தில் பல மாதம் சிறையில் கிடந்தார். பிறகு 1786-ல் பாரிஸில் ஜெஃபர்சனின் வீட்டில் தங்கி, அவர் எழுதிய சுதந்திரப் பிரகடனத்தின் வரைவு அவையில் வைக்கப்பட்ட காட்சியைத் தொடங்கினார். அந்த அறை எப்படி இருந்தது என்று ஜெஃபர்சனே கோட்டுப்படம் போட்டுக் கொடுத்தார். ஓவியத்தில் 47 பேர். முடிந்தவரை ஒவ்வொருவரையும் நேரில் உட்காரவைத்தே முகத்தை எழுத வேண்டும் என்று ட்ரம்புல் பிடிவாதமாக இருந்தார். அதற்காக வருடக்கணக்கில் ஊர் ஊராக அலைந்தார். நிழற்படம் இல்லாத காலத்தில் அந்தத் தலைமுறையின் முகங்கள் நமக்குக் கிடைத்திருப்பதில் இந்த அலைச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு.

வாஷிங்டன் நகரில் நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்துக்கு நான்கு பேரோவியங்கள் எழுத 1817-ல் அரசு அவரை அமர்த்தியது. ஒவ்வொன்றும் 12 அடி உயரம், 18 அடி அகலம். நான்குக்கும் சேர்த்து 32,000 டாலர். அந்தப் பணமும் தங்கவில்லை. மிச்சமிருந்த நான்கு இடங்களுக்கும் தன்னையே கேட்பார்கள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. நியூயார்க்கில் அவர் தலைமை வகித்த கலைக்கழகத்திலிருந்தும் இளம் ஓவியர்கள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் கண்டுவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் பெஞ்சமின் சில்லிமன் அவரைப் பார்க்க வந்தார். நியூ ஹேவன் நகரில் யேல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். ஓவியத்துக்கும் அவருக்கும் தொழில்முறையில் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அவர் மனைவி ஹாரியட், ட்ரம்புலின் அண்ணன் மகள். அந்த முறையில் ட்ரம்புல் அவருக்குச் சின்ன மாமனார். இந்த ஓவியங்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்று பேச்சுவாக்கில் சில்லிமன் கேட்டிருக்கிறார். உயிரோடு இருக்கும்வரை பிழைப்புக்கு ஒரு தொகை தந்தால், ஏழை மாணவர்களின் நன்மைக்காக என்றைக்கும் காட்சிக்கு வைத்திருக்கும்படி யேலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றாராம் ட்ரம்புல். சில்லிமன் திகைத்துப்போனார். பிறகு ஊர் திரும்பி, கல்லூரியைச் சம்மதிக்கவைத்தார். ஒரு வேதியியல் ஆசிரியர் ஓவியங்களுக்காக இவ்வளவு ஓடியாடியதை நான் மிகவும் மதிக்கிறேன். அவர் அசட்டையாக இருந்திருந்தால் அத்தனையும் ஏலத்தில் சிதறியிருக்கும்.

1831 டிசம்பரில் ஒப்பந்தம் ஆனது. ட்ரம்புலுக்கு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 1,000 டாலர். பதிலுக்கு அவருடைய ஓவியங்கள் கல்லூரிக்கு. அவற்றை வைக்கும் கட்டடத்தையும் அவரே வடிவமைத்தார். மேல்தளத்தில் இரண்டு கூடங்கள், ஒன்று அவர் ஓவியங்களுக்கு, மற்றொன்று கல்லூரியிடம் ஏற்கெனவே இருந்த உருவப்படங்களுக்கு. சுவர் முழுவதும் படத்துக்கே வேண்டும் என்பதால் சன்னல் வைக்கவில்லை, வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாக இறங்கியது. 1832 அக்டோபரில் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் 25 சென்ட். அமெரிக்காவின் மிகப் பழைய பல்கலைக்கழகக் கலைக்கூடம் பிறந்தது இப்படித்தான்.

கல்லூரியிடம் ஏற்கெனவே இருந்த படங்கள் என்றேன். அதில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலைஹு யேல், 1718-ல் அந்தச் சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலைபோனது. கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. மதராஸ் வணிகத்தில், பதவியைப் பயன்படுத்தித் தனக்கெனச் சேர்த்த செல்வம் அவருடையது. அவருடைய ஆட்சிக்காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். கழுத்தில் வளையம் மாட்டிய ஒரு சிறுவன் பணிவிடைக்கு நிற்க, யேல் குடும்பத்தினரோடு வீற்றிருக்கும் ஓவியத்தை இன்று அதே பல்கலைக்கழகமே ஆராய்கிறது. ஆராயத்தான் வேண்டும். நிறுவனங்களின் பிறந்த கதையில் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சொல்வது நியாயமில்லை.

ட்ரம்புலின் நிபந்தனைகளுக்கு வருவோம். கட்டண வருவாய் அவர் காலத்துக்குப் பிறகு ஏழை மாணவர்களின் படிப்புக்குப் போக வேண்டும் என்பது ஒன்று. தன்னையும் மனைவியையும் அந்தக் கட்டடத்துக்கு அடியிலேயே புதைக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒப்பந்தத்துக்குப் பின்னும் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அதில் சில ஆண்டுகள் சில்லிமன் வீட்டிலேயே தங்கித் தன்வரலாறு எழுதினார். 1843-ல் 87 வயதில் காலமானார். ஓவியங்கள் 1860-களில் வேறு கட்டடத்துக்கும் 1928-ல் மற்றொன்றுக்கும் இடம் மாறின. ஒவ்வொரு முறையும் தம்பதியின் எச்சங்களும் கூடவே போயின. பழைய கட்டடத்தை 1901-ல் இடித்துவிட்டார்கள்.

அந்த இரண்டாவது கட்டடத்தைக் கட்டிக்கொடுத்த அகஸ்டஸ் ஸ்ட்ரீட், அங்கு தொடங்கும் கலைப்பள்ளியில் பெண்களும் படிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். 1869-ல் பள்ளி திறந்தது. முதலில் சேர்ந்தவர்கள் ஆலிஸ், சூசன் என்ற இரண்டு பெண்கள். இருவரும் பெஞ்சமின் சில்லிமனின் பேத்திகள். யேல் கல்லூரியின் இளங்கலை வகுப்புகளில் பெண்கள் நுழைய அதற்குப் பிறகு நூறு வருடம் ஆனது. 1871-ல் ஜார்வ்ஸ் என்பவர் திரட்டிய 119 இத்தாலிய ஓவியங்களும் கூடத்துக்கு வந்தன. அவர் அவற்றை யேலிடம் ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தார். கடனை அடைக்க முடியாமல் ஏலத்துக்கு வந்தபோது, யேலைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. விலை 22,000 டாலர். 1953-ல் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த புதிய கூடம் சேர்ந்தது. நம் ஊரில் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை தெரியும்.

25 சென்ட் கட்டணம் இன்று இல்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போனபின் கூடம் நகரத்து மக்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் உரியதாகிறது. ஜூன் மாதத்தில் பக்கத்துத் திடலில் நகரின் கலைத் திருவிழா நடக்கும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் பலர் அந்த மாதங்களில்தான் அங்கே இருக்கிறார்கள். நியூயார்க்கிலிருந்து ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. போனால் பிரகடன ஓவியத்தின் அருகே போய் நில்லுங்கள். வட்ட மண்டபத்துப் பேரோவியத்துக்கு மூலம் இதுதான், அகலம் மூன்றடிகூட இல்லை. முகங்களைத் தேடித் தேடி எழுதிய அந்தக் கையின் நுணுக்கம் பெரிய படத்தில் இல்லை, இதில்தான் இருக்கிறது.