ஆற்றின் போக்கைக் கணினிக்குக் கற்பித்த கதை

ஜொகூர் மாநில மக்கள் எளிதில் மறக்க முடியாத இரண்டு மாதங்கள் உண்டு. 2006 டிசம்பர், 2007 ஜனவரி ஆகியவையே அவை. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் ஜொகூர் ஆறு கரைபுரண்டது. கோத்தா திங்கியில் நீர்மட்டம் 4.90 மீட்டரைத் தொட்டது. கடைகள், வீடுகள், பள்ளிகள் எல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்து, மக்கள் துயர் துடைப்பு மையங்களிலிருந்து வீடு திரும்பி, சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் ஜனவரி இரண்டாம் வாரத்தில் மீண்டும் வெள்ளம் வந்தது. இம்முறை நீர்மட்டம் 5.45 மீட்டர். மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினர்.

வெள்ளத்தைத் தடுப்பது எப்போதும் மனிதன் கையில் இல்லை. ஆனால், தண்ணீர் எப்போது வரும், எந்த அளவுக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் முதியவர்களையும் குழந்தைகளையும் பகல் வெளிச்சத்திலேயே மேட்டுக்குக் கொண்டு சேர்க்கலாம். கடைக்காரர் சரக்கை மாடிக்கு ஏற்றலாம். சில மணி நேர அவகாசம் கிடைத்தால்கூட ஒரு குடும்பத்தின் நிலை மாறிவிடும். அந்த அவகாசத்தைத் தேடி அறிவியல் நடந்த பாதையில் இன்று பெரிதும் பேசப்படும் பெயர் இயந்திரக் கற்றல்.

சூத்திரம் தந்த பாதை

மலைக்காட்டில் பெய்த மழை ஆற்றை வந்து சேரும் கணக்கு எளிதானதல்ல. பெய்வதில் ஒரு பகுதியை மண் குடிக்கிறது. ஒரு பகுதியை மரங்கள் எடுத்துக்கொள்கின்றன. மீதிதான் ஓடைகளில் இறங்கி ஆற்றுக்கு வருகிறது. காட்டில் ஒரு வேகம், செம்பனைத் தோட்டத்தில் ஒரு வேகம், தார்ச்சாலையும் சிமெண்டும் நிறைந்த நகரத்தில் வேறொரு வேகம்.

1932-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஷெர்மன், ஒரு நிலப்பரப்பில் பெய்யும் குறிப்பிட்ட அளவு மழை ஆற்றில் எப்படி ஏறி இறங்கும் என்பதை ஒரு வரைகோடாகக் காட்டும் முறையை வெளியிட்டார். பொறியாளர்கள் பல்லாண்டுகள் அந்த முறையைக் கையாண்டனர். பின்னர் கணினிகள் வந்தன. மண்ணின் தன்மை, நிலத்தின் சரிவு, ஆற்றின் அகலம் ஆகியவற்றையெல்லாம் சமன்பாடுகளாக எழுதிக் கணக்கிடத் தொடங்கினர். இவை நல்ல முறைகள்தாம். ஆனால் ஒவ்வொரு ஆற்றுக்கும் அந்த அளவுகளை எல்லாம் தேடிச் சேர்ப்பது பெரும்பாடு.

கணினி கற்கத் தொடங்கியது

இதற்கு நேர்மாறான ஒரு வழியும் வளர்ந்துகொண்டிருந்தது. விதிகளை மனிதன் எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, பழைய கணக்குகளைக் காட்டி, உறவைக் கணினியே கண்டுபிடிக்கட்டும் என்பதே அந்த வழி. மூளையின் நரம்பணுக்களைப் பார்த்து 1943-இல் மெக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் ஒரு கணித மாதிரியை அமைத்தனர். 1958-இல் ரோசன்பிளாட் என்பவர், கற்றுக்கொள்ளும் வலைப்பின்னல் ஒன்றைப் பற்றி எழுதினார். 1986-இல் ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் ஆகியோர், பல அடுக்குகள் கொண்ட வலைப்பின்னலுக்குத் தவறிலிருந்து பாடம் புகட்டும் முறையை விளக்கினர். அந்த ஹிண்டனுக்குத்தான், ஹாப்ஃபீல்டுடன் சேர்த்து, 2024-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்முறை ஆற்றில் எப்படி வேலை செய்கிறது? நேற்றும் இன்றும் மேல்பகுதியில் பெய்த மழையளவைக் கணினிக்குக் கொடுப்பார்கள். நாளை நீர்மட்டம் என்னவாகும் என்று அது ஊகித்துச் சொல்லும். முதல் ஊகம் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். உண்மையில் பதிவான நீர்மட்டத்தை அதற்குக் காட்டுவார்கள். எவ்வளவு தவறியது என்று பார்த்து, தன் உள்கணக்கை அது சிறிது திருத்திக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான முறை நடந்த பிறகு, ஊகம் உண்மையை நெருங்கி வரும். வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாகச் சொல்லிச் சொல்லியே மனப்பாடம் செய்யும் மாணவனைப் போன்றது இது.

1995-இல் அமெரிக்காவில் சூ, குப்தா, சொரூஷியன் ஆகிய மூவர், மழைக்கும் ஆற்று ஓட்டத்துக்கும் இடையிலான உறவை இம்முறையில் கணித்துக் காட்டினர். 2000-இல் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் ஆய்வுக் குழு ஒன்று இத்தகைய முயற்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்தது. வாய்ப்பு பெரிது என்று ஏற்றுக்கொண்ட அக்குழு, விடை எப்படிக் கிடைத்தது என்பதை இந்த வலைப்பின்னல் விளக்குவதில்லை என்ற குறையையும் சுட்டிக்காட்டியது.

ஸ்கூடாயில் நடந்த முயற்சி

இந்த அலை ஜொகூருக்கும் வந்தது. 1904-இல் கோலாலம்பூரில் தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கி, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்ற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஸ்கூடாயில் உள்ளது. அதன் ஆய்விதழில் 2002 டிசம்பரில், சொப்ரி ஹாருனும் அவருடைய சக ஆய்வாளர்களும் மழைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவைச் செயற்கை நரம்பணு வலைப்பின்னல் கொண்டு கணிப்பது பற்றி எழுதினர். மணிக்கணக்கில் ஆற்றோட்டத்தைக் கணிக்கும் இவர்களின் மற்றொரு ஆய்வு 2007-இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பெருவெள்ளம் கோத்தா திங்கியை மூழ்கடித்ததும் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான்.

ஏடு இல்லாமல் பாடம் இல்லை

கணினி கற்பதற்கு வேண்டியது பழைய பதிவுகள். நாள் தவறாமல் எழுதப்பட்ட மழைக் கணக்கு, நீர்மட்டக் கணக்கு. அவை எங்கிருந்து வந்தன?

1932-இல் அமைக்கப்பட்ட வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மழைமானி நிலையங்களின் பட்டியலைப் பார்த்தால் ஜொகூர் தமிழர்களுக்குப் பழகிய பெயர்கள் கண்ணில் படும். லாடாங் லாபிஸ், லாடாங் உலு ரெமிஸ், லாடாங் சான் விங். லாடாங் என்றால் தோட்டம். ரப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்றைய வேலை போயிற்று. எனவே தோட்ட நிர்வாகத்துக்கு மழைக் கணக்கு கட்டாயத் தேவையாக இருந்தது. மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து ஏட்டில் குறித்துவைப்பது தோட்ட அலுவலகத்தின் அன்றாட வேலைகளில் ஒன்று. லயத்தில் வாழ்ந்த மக்களுக்கு அது கூலி கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கு.

அப்படித் தோட்டங்களிலும் அரசு நிலையங்களிலும் சேர்ந்த எண்களே பிற்காலத்தில் அறிவியலுக்கு மூலதனமாயின. எத்தனை உயர்ந்த கணினியானாலும், இந்த எண்கள் விடுபட்டால் அல்லது தவறாக எழுதப்பட்டால், அது தவறான பாடத்தையே கற்கும்.

காணாத வெள்ளம்

இங்கேதான் கோத்தா திங்கி ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறது. ஓர் ஆற்றின் பதிவேட்டில் உள்ள வெள்ளங்களை மட்டுமே பார்த்துக் கற்ற கணினி, அந்த ஏட்டில் இல்லாத ஒரு பெருவெள்ளம் வரும்போது என்ன செய்யும்? பெரும்பாலும் தான் அறிந்த உச்ச அளவிலேயே நின்றுவிடும். சாதாரண நாட்களில் அருமையாகக் கணிக்கும் முறை, மிகவும் தேவைப்படும் நாளில் குறைத்துச் சொல்லிவிடும் ஆபத்து உண்டு. வெள்ள எச்சரிக்கையில் குறைத்துச் சொல்வது கூட்டிச் சொல்வதைவிடக் கொடிய தவறு.

இன்னொன்று நினைவாற்றல். ஜனவரி மழை காய்ந்த மண்ணில் விழவில்லை. டிசம்பர் மழையில் ஏற்கெனவே ஊறிய மண்ணில் விழுந்தது. நேற்றைய மழையை மட்டும் பார்க்கும் கணினிக்கு இது தெரியாது. நெடுநாள் நினைவை வைத்துக்கொள்ளும் வலைப்பின்னலை 1997-இல் ஹாக்ரைட்டர், ஷ்மிட்ஹூபர் ஆகியோர் உருவாக்கினர். ஆற்றியலில் அது பரவலானது 2018-க்குப் பிறகே.

முதல் கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்துள்ளது. ஓர் ஆற்றின் ஏட்டை மட்டும் படிக்காமல், பல ஆறுகளின் ஏடுகளை ஒன்றாகப் படித்தால் என்ன? ஓர் ஆறு காணாத வெள்ளத்தை இன்னோர் ஆறு கண்டிருக்கும் அல்லவா? 2018-இல் இந்தியாவின் பாட்னாவில் வெள்ள எச்சரிக்கையைச் சோதிக்கத் தொடங்கிய கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், உலகெங்கும் 5,680 ஆற்று நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு கணினிக்குக் கற்பித்தனர். நீர்மட்டம் அளக்கும் வசதி இல்லாத ஆறுகளிலும் பெருவெள்ளத்தை சில நாட்கள் முன்னதாகக் கணிக்க முடியும் என்ற முடிவு 2024-இல் நேச்சர் இதழில் வெளியானது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2023 மார்ச் மாதம் ஜொகூரில் மீண்டும் பெருவெள்ளம் வந்து, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. தாழ்வான பத்து பகாட் பகுதியில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியாமல் நின்றது. அங்கே எப்போது வெள்ளம் வரும் என்பதோடு, எப்போது போகும் என்பதும் கேள்வி. கடல் பெருக்கும் வடிகாலும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். ஓரிடத்தில் கற்ற பாடத்தை இன்னோரிடத்தில் சோதிக்காமல் நம்பிவிட முடியாது.

கணினி சொல்லும் எண்ணை வீட்டு வாசல்வரை கொண்டு சேர்ப்பதும், நம்பி வெளியேறுவதும் மனிதர் வேலை. அந்த எண் சரியாக இருக்க வேண்டுமானால் மழைமானிகள் பழுதின்றி இருக்க வேண்டும். பதிவுகள் விடுபடாமல் தொடர வேண்டும். பழைய தோட்ட ஏடுகள் எங்கேனும் மிஞ்சியிருந்தால் அவை குப்பைக்குப் போகாமல் ஆய்வாளர் கைக்குச் சேர வேண்டும். பால்வெட்டுக்காக எழுதப்பட்ட அந்தக் கணக்கு, நாளை ஓர் ஊரையே உரிய நேரத்தில் மேட்டுக்கு அனுப்ப உதவக்கூடும்.