நீர்ப் பணியில் அடிப்படை மின் பராமரிப்பு (ரிங்லெட், மலேசியா)

குடிநீர்ப் பம்பு நிலையங்களிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் உள்ள மோட்டார், ஸ்டார்ட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி, கேபிள் ஆகியவற்றைச் சோதித்து, பழுது முற்றுமுன் கண்டறியும் தொழில்திறன் அடிப்படை மின் பராமரிப்பு எனப்படும்.

இடம்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் ரிங்லெட். 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை, பெர்த்தாம் ஆற்றைத் தடுத்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தை உருவாக்கியது. அங்கிருந்து சுரங்கவழியே இறங்கும் நீர், 100 மெகாவாட் திறனுள்ள சுல்தான் யூசோப் நிலத்தடி மின்நிலையத்தை இயக்குகிறது. இறங்கும் நீர் மின்சாரம் தருகிறது. மேட்டுக் குடியிருப்புக்கு நீரை ஏற்றவோ மின்சாரம் வேண்டும். ஒரு கன மீட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்த, இழப்புகளைச் சேர்க்காமலே சுமார் 0.27 கிலோவாட்-மணி செலவாகும். பம்பு நின்றால் குழாய் வறளும். கழிவுநீர்ப் பம்பு நின்றால் சாக்கடை பொங்கும்.

பயிற்சியின் உள்ளடக்கம்

முதல் பாடம் மின் துண்டிப்பு. சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்ட வேண்டும். பின்னர் சோதனைக் கருவியை மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்த்து, வேலை செய்யும் இடத்தில் மின்சாரம் இல்லை என உறுதிசெய்து, கருவியை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் இவற்றில் ஒன்றையும் விடலாகாது.

அடுத்தது மோட்டார். மலேசியாவில் மும்முனைத் தாழ்வழுத்த மின்சாரம் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஓடும் மோட்டாரில் ஒரு முனை அறுந்தால், மற்ற இரண்டும் ஏறத்தாழ 1.7 மடங்கு மின்னோட்டத்தைச் சுமக்கும், சுருள் எரிந்துபோகும். அதைத் தடுப்பது ஓவர்லோடு ரிலே. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ரிலேயின் அளவைக் கூட்டினால், காவலே போய்விடும். மூன்று முனைகளின் மின்னோட்டத்தையும் கிளாம்ப் மீட்டரால் அளந்து காரணத்தைத் தேடுவதே முறை.

மலையின் குளிரும் ஈரமும் கேபிள் மூட்டுகளிலும் பெட்டிகளிலும் நீர்த்திவலைகளைப் படியவைக்கின்றன. ஆகவே மெக்கர் கொண்டு காப்புத்தடையை அளப்பது இங்கு மிக முக்கியம். தாழ்வழுத்த வயரிங்கை 500 வோல்ட் நேர்மின்சாரத்தில் சோதிக்கும்போது, 1 மெகாஓம் என்பது பன்னாட்டுத் தரம் கேட்கும் குறைந்தபட்சம். வேகக்கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் அதைக் கழற்றிய பின்னரே மெக்கர் வைக்க வேண்டும். ஓர் அளவை மட்டும் பார்த்து முடிவுசெய்ய இயலாது; பதிவேட்டில் அளவு மாதாமாதம் இறங்கினால், மோட்டாரைக் கழற்றவேண்டிய வேளை வந்துவிட்டது.

கழிவுநீர்க் கிணறுகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் வாயுக்கள் தேங்கும். மிதவை சுவிட்சைச் சரிசெய்யக்கூட வாயுவைச் சோதிக்காமல், மேலே காவலுக்கு ஆள் இல்லாமல் இறங்குவது உயிரைப் பறிக்கும்.

சட்டமும் தகுதியும்

பகாங்கில் குடிநீர் வழங்குவது பகாங் நீர் நிர்வாக நிறுவனம். தீபகற்பத்தின் பெரும்பகுதியில் கழிவுநீரைக் கவனிப்பது இண்டா வாட்டர். மின்வேலையை 1990ஆம் ஆண்டின் மின் விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டின் விதிமுறைகளும் நெறிப்படுத்துகின்றன. வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ்களை எரிசக்தி ஆணையம் வழங்குகிறது. சான்றிதழ் இல்லாத பம்பு இயக்குநர் பெட்டியைத் திறந்து பழுதுபார்க்கக் கூடாது. ஆனால் மோட்டாரின் சத்தம், சூடு, மீட்டர் அளவு ஆகியவற்றை அன்றாடம் குறித்துவைத்து, மாறுதல் தெரிந்தவுடன் தகுதியுள்ளவரை அழைப்பது அவரால் முடியும். பயிற்சி அவரிடம் எதிர்பார்ப்பதும் அதையே.