பரணில் கிடக்கும் சரித்திரம்



ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம் முன்னோர்க்கு நினைவு வந்தது இராமாநுசர் அவதரித்த தலம். இன்று உங்களுக்கு நினைவு வருவன தொழிற்சாலைகள். சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் மோட்டார் வண்டிகளும் மின்னணுக் கருவிகளும் செய்யும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. புதியன படைக்கும் இடத்தில் பழையன வாங்கும் கடைகளும் இருப்பது இயற்கைதானே! அத்தகைய காயலான் கடை ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், துருவேறிய இரண்டு தகர டப்பாக்களைக் கண்டேன். கடைக்காரருக்குத் தகரத்தின் எடைதான் கணக்கு. உள்ளே இருந்ததை அவர் ஒரு பொருளாகவே கருதவில்லை.

மூடியைத் திறந்ததும் காடியின் நெடி மூக்கைத் துளைத்தது. உள்ளே 16 மில்லிமீட்டர் அகலமுள்ள சினிமாச் சுருள் இருந்தது. டப்பாக்களின்மேல் 3, 7 என்ற எண்கள் மட்டும் எழுதியிருந்தன. படத்தின் பெயர் இல்லை. ஒவ்வொன்றும் 400 அடி. பேசும் படமாயின் பதினொரு நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இத்தகைய சுருள்கள் பதினான்கு வேண்டும். மற்றவை எங்கே என்று கேட்டேன். முந்திய வாரமே குப்பையோடு போய்விட்டன என்று பதில் வந்தது.

இனி நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஆவல் மிகுதியால், பழைய புரொஜெக்டர் ஒன்றை இரவல் வாங்கி, அன்றிரவே அச்சுருளை ஓட்டினேன். சுவரிலே ஒரு கோயில் மண்டபம் தெரிந்தது. தூணருகே நின்று ஒரு பெண் பாடத் தொடங்கினாள். என் மனம் துள்ளியது. ஆனால் நாள்பட்ட சுருள் சுருங்கியிருக்கும் என்பதை நான் எண்ணவில்லை. புரொஜெக்டரின் பற்கள் ஓரத் துளைகளில் பொருந்தாமல் அவற்றைக் கிழித்துக்கொண்டே சென்றன. நான் நிறுத்துவதற்குள் பத்தடி பாழாயிற்று. 16 மில்லிமீட்டர் சுருளில் ஓரடிக்கு 40 படங்கள். ஆகவே 400 படங்கள். ஏறத்தாழ 17 விநாடி. அதுவே உலகில் எஞ்சிய ஒரே பிரதியாக இருக்குமானால், அந்த 17 விநாடியை இனி யார் மீட்டுத் தர முடியும்?

ஒரு பழஞ்சுருளுக்காக இவ்வளவு வருந்துவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை காண, இந்தச் சிறு சுருள்களின் வரலாற்றைச் சற்றே அறிய வேண்டும்.

கொட்டகைகளில் ஓடிய படங்கள் 35 மில்லிமீட்டர் அகலமுள்ளவை. 1950-களின் தொடக்கம் வரையில் அவை பெரும்பாலும் நைட்ரேட் என்னும் பொருளில் செய்யப்பட்டன. நைட்ரேட் எளிதில் தீப்பற்றும். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே தருவதால் நீருக்குள்ளும் அணையாது. இத்தகைய பொருளை வீட்டுக்குள் வைக்க முடியுமா? எனவே வீட்டுச் சினிமாவுக்கென்று, எளிதில் தீப்பற்றாத அசிடேட் சுருள்களைச் செய்தனர். பிரான்சு நாட்டுப் பாத்தே கம்பெனி 1922-இல் 9.5 மில்லிமீட்டர் சுருளையும், அமெரிக்கக் கோடக் கம்பெனி 1923-இல் 16 மில்லிமீட்டர் சுருளையும், 1932-இல் 8 மில்லிமீட்டர் சுருளையும் வெளியிட்டன. 1965-இல் சூப்பர் 8 வந்தது. கொட்டகையில் ஓடிய படங்களைச் சிறிதாக்கி, பலவேளை சுருக்கியும், இவற்றில் பதித்து விற்றார்கள். நம் நாட்டில் 16 மில்லிமீட்டர் படங்கள் பள்ளிகளிலும் கிராமங்களிலும் காட்டப்பட்டன.

மூலப் பிரதிகள் என்ன ஆயின? சில தீயில் வெந்தன. சில தாமே மக்கித் தூளாயின. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. அவ்வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. ஓடி முடிந்த படத்தால் இனிப் பயனில்லை என்பதே அன்றைய வியாபாரிகளின் எண்ணம்.

தமிழகத்தின் இழப்பு பெரிது. 1905-ஆம் ஆண்டிலேயே சாமிக்கண்ணு வின்சென்ட், புரொஜெக்டர் ஒன்றை விலைக்கு வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டியவர். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தென்னாட்டின் முதல் கதைப்படம். அது இன்று இல்லை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ படத்தின் பிரதியும் இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் தப்பியது 1933-இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’. அதைத் தயாரித்தவர் நாகர்கோவில் சுந்தரராஜ். நாவலின் உரிமை குறித்து வழக்கு மூண்டு, படப் பிரதி நூல் வெளியீட்டாளரிடம் முடங்கியது. 1964-இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்காகப் பி.கே. நாயர் பின்னாளில் அதைத் தேடிப் பெற்றார். வழக்கு முடக்கிய படத்தை அந்த முடக்கமே காத்தது! ஆனால் காப்பகம் இருந்தால் மட்டும் போதும் என்று நாம் உறங்கிவிட இயலாது. 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் பல நைட்ரேட் சுருள்கள் சாம்பலாயின.

இங்கேதான் வீட்டுச் சேகரிப்பாளரின் பெருமை விளங்குகிறது. கெவின் பிரௌன்லோ என்ற ஆங்கிலச் சிறுவன், 1950-களில், உங்களைப் போலவே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். ஆபெல் கான்ஸ் 1927-இல் எடுத்த ‘நெப்போலியன்’ படத்தின் சில பகுதிகள் 9.5 மில்லிமீட்டர் சுருள்களாக அவனுக்குக் கிடைத்தன. வீட்டுச் சுவரில் அவற்றைப் பார்த்து வியந்த அவன், எஞ்சிய பகுதிகளைத் தேடத் தொடங்கினான். தேடல் பல்லாண்டுகள் நீண்டது. 1980-இல் லண்டனில், வாத்தியக் கோஷ்டியின் இசையோடு, ஏறத்தாழ ஐந்து மணி நேர ‘நெப்போலியன்’ திரையிடப்பட்டது.

மற்றொன்றும் சொல்வேன். ஜெர்மானிய இயக்குநர் பிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ 1927-இல் வெளியான சில மாதங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டது. வெட்டுண்ட பகுதிகள் அழிந்தன என்றே உலகம் நம்பியது. ஆனால் வெட்டப்படாத பிரதி ஒன்று அர்ஜென்டினாவுக்குச் சென்று, அங்கே தனியார் ஒருவரின் சேகரிப்பில் இருந்திருக்கிறது. அதிலிருந்து எடுத்த 16 மில்லிமீட்டர் பிரதி 2008-இல் புவெனஸ் அயர்ஸ் நகரச் சினிமாக் காட்சிசாலையில் கண்டறியப்பட்டது. அதனால் சுமார் 25 நிமிடக் காட்சிகள் மீண்டன. கீறல்கள் நிறைந்த பிரதிதான்; ஆனால் அதைவிட நல்லது உலகில் வேறில்லை.

சிறு சுருளில் தெளிவு குறைவு; வெட்டுகளும் உண்டு. அசிடேட் எளிதில் எரியாவிட்டாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். அச்சிதைவின் அறிகுறியே நான் முகர்ந்த காடி நெடி. ஆகவே உங்கள் வீட்டுப் பரணிலோ பள்ளியின் பழைய அறையிலோ சுருள் ஒன்று கண்டால், அதை ஓட்டாதீர்கள். வெயில் படாத, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியெடுங்கள். அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காப்பகத்துக்கு எழுதுங்கள். நானும் தாமதமாகவேனும் அவ்வாறே எழுதினேன்.

நீலகிரியில், உதகமண்டலத்தில், 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, டிஜிட்டல் யுகம் வந்ததும் நலிந்து மூடப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரிலே 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014-இல் நின்றது. வேறு ஆலைகள் அங்கே கைபேசிகளைச் செய்துவருகின்றன. அவற்றால் நீங்கள் நாள்தோறும் படம் பிடிக்கிறீர்கள். ஆலைகளும் கருவிகளும் மாறும். யாரேனும் ஒருவர் எடுத்து வைத்தால்தான் படம் நிலைக்கும். அந்த ஒருவர் பெரிய பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. அன்று காயலான் கடைக்கு நான் ஒரு வாரம் முன்னதாகச் சென்றிருந்தால், பதினான்கு சுருள்களும் கிடைத்திருக்கும். நீங்களாவது ஒரு வாரம் முன்னதாகச் செல்லுங்கள்.