ராமன் ஏற்காததும், ராமன் விளைவு காட்டியதும்

கொஞ்ச நாள் முன்னாடி விருத்தாசலம் போயிருந்தேன். பீங்கான் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் பேர்போன ஊர். உச்சிவெயிலில் நடந்து ஒரு பட்டறைக்குள் நுழைந்தால், ஒன்றுமே தெரியவில்லை. "செத்த நில்லுங்க தம்பி, கண்ணு பழகட்டும்" என்றார் உள்ளே இருந்த பெரியவர். நின்றேன். முதலில் அலமாரி தெரிந்தது. அப்புறம் அதில் வரிசையாக அடுக்கிய பொம்மைகள்.

கண்ணு பழகுறதுன்னா என்ன? இன்றைய கதை அதுதான். அதில் நம்ம திருச்சிக்காரர் ஒருவரும் வருகிறார்.

1876-ல் ஃபிரான்ஸ் போல் என்ற ஆய்வாளர், இருட்டில் வைத்த தவளையின் விழித்திரை சிவப்பாக இருப்பதையும், வெளிச்சம் பட்டதும் அந்த நிறம் வெளுத்துப்போவதையும் பார்த்தார். அந்த நிறத்துக்குக் காரணம் ரோடாப்சின் என்ற புரதம். அதற்குள் என்ன நடக்கிறது என்று புரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1933-ல் ஜார்ஜ் வால்ட் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்தார். 1950-களில் அவரும் ரூத் ஹப்பர்டும் மிச்சக் கதையைச் சொன்னார்கள். வைட்டமின் ஏ-விலிருந்து வரும் ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறு, அந்தப் புரதத்துக்குள் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒளி பட்டதும் நிமிர்கிறது. ஒளியின் வேலை அவ்வளவுதான். அதன்பின் புரதம் உருமாறி, மூளைக்குச் செய்தி கிளம்புகிறது.

சூளையில் வெந்த மண் திரும்பவும் களிமண் ஆகாது. ஆனால் ரோடாப்சின் இருட்டில் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புது. கண் இருட்டுக்குப் பழகுவதில் பெரிய பங்கு இதற்குத்தான். முழுசாகப் பழக அரை மணிக்கு மேலாகும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வருவதும் இதனால்தான். 1967-ல் வால்டுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அதே 1960-களில் பெங்களூரில் சர் சி.வி. ராமனும் கண்ணைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கருவி? பெரும்பாலும் அவருடைய சொந்தக் கண்கள். நிற வடிகட்டி வழியாக வெள்ளைத் திரையைப் பார்ப்பார். சட்டென்று வடிகட்டியை எடுப்பார். தன் விழித்திரையின் உருவமே திரையில் தெரிவதைக் குறித்துக்கொள்வார். 1968-ல் இதையெல்லாம் புத்தகமாகவே போட்டார். ஆனால், மூன்று அடிப்படை உணர்வுகளின் கலவையாகவே எல்லா நிறத்தையும் பார்க்கிறோம் என்ற கொள்கையை அவர் ஏற்கவே இல்லை. இத்தனைக்கும் மூன்று விதக் கூம்புச் செல்கள் இருப்பதற்கு 1964-லேயே நேரடிச் சான்று வந்துவிட்டது. அறிவியல் உலகம் அவர் பக்கம் திரும்பவில்லை. 1970 நவம்பர் 21-ல் அவர் காலமானார்.

கதை இங்கே முடிந்திருந்தால், ஒரு மேதையின் கடைசிக்காலப் பிடிவாதம் என்று கடந்துபோயிருப்பேன். ஆனால் அதே 1970-ல், உறையவைத்த மாட்டு விழித்திரையை ஆராய ஒரு குழு எடுத்த கருவி எது தெரியுமா? 1928-ல் ராமன் கண்டுபிடித்த ராமன் விளைவு!

மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தை அளந்தால், மூலக்கூறின் பிணைப்புகள் எப்படி அதிர்கின்றன, எங்கே வளைந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். ஆனால் ரோடாப்சினில் ஒரு சிக்கல். பார்க்கப் பாய்ச்சும் ஒளியே அதை மாற்றிவிடும்! 1976-ல் ரிச்சர்ட் மேத்தீஸ் குழு, ரோடாப்சின் கரைசலை லேசர் முன்னால் வேகமாக ஓடவிட்டது. மாறிய மூலக்கூறுகள் நகர்ந்துபோக, மாறாத புதுசுகள் வந்துகொண்டே இருந்தன. ரெட்டினாலின் வளைவும் முறுக்கும் இப்படித்தான் தெளிவாயின. 1990-களில் மனிதக் கண்ணில் பச்சையையும் சிவப்பையும் உணரும் புரதங்களையே இதே விளைவால் படித்தார்கள்.

ராமன் தன் கண்ணை நம்பினார். அந்தக் கண்ணுக்குள் நடப்பதைப் பார்க்க மற்றவர்கள் ராமனின் கண்டுபிடிப்பை நம்பினார்கள். இதை அவர் இருந்து பார்த்திருந்தால் மனசு மாறியிருப்பாரா? யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.