செம்புக் காசு சொல்லும் சரித்திரம்



சரித்திரம் என்றாலே உங்களில் பலருக்குக் கொட்டாவி வரும். ஆனால் சரித்திரம் புத்தகத்தில் மட்டுமா இருக்கிறது? தேய்ந்துபோன ஒரு செம்புக் காசுக்குள்ளும் இருக்கிறது. சோவியத் நாட்டின் தொடக்க காலச் சில்லறைக் காசுகளை எடுத்துக்கொள்வோம்.

முதலில் காசே இல்லாத காலத்தைப் பார்ப்போம். முதல் உலகப் போர் தொடங்கியதும் ரஷ்ய மக்கள் உலோகக் காசுகளைப் பதுக்கிவிட்டார்கள். சில்லறைத் தட்டுப்பாடு தலைவிரித்து ஆடியது. 1915-இல் அரசு தபால் தலைகளைக் கனத்த அட்டையில் அச்சிட்டு, ‘இதுதான் சில்லறை’ என்று கொடுத்தது! 1917-இல் புரட்சி வந்தது. பிறகு உள்நாட்டுப் போர். நோட்டு மேல் நோட்டாக அடித்துத் தள்ளியதால் பணத்தின் மதிப்பு பாதாளத்துக்குப் போயிற்று. 1922-இலும் 1923-இலும் நோட்டுகளில் சைபர்களை வெட்டிப் பார்த்தார்கள். அப்படியும் நிற்கவில்லை. கடைசியில் 1924-இல் புது ரூபிள் வந்தபோது, ஒரு ரூபிளுக்கு 1923-ஆம் ஆண்டு நோட்டில் 50,000 ரூபிள் கொடுக்க வேண்டியிருந்தது. 1922-க்கு முந்திய நோட்டுக் கணக்கில் பார்த்தால் அது 5,000 கோடி ரூபிள்! ஆயுள் முழுக்கச் சேர்த்தவன் கதி என்ன ஆகியிருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்படிக் காகிதத்தின் மேல் நம்பிக்கை இழந்த மக்களிடம்தான் 1924-இல் புதிய காசுகள் வந்து சேர்ந்தன. மேல்மதிப்புக் காசுகள் வெள்ளியில். (நாம் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்கிறோமே, அதுவல்ல, இது அசல் வெள்ளி உலோகம்.) 1, 2, 3, 5 கோப்பெக் காசுகள் செம்பில். இந்தச் செம்புக் காசுகளில் ஒரு வேடிக்கை உண்டு. ஜார் மன்னருக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர்கள், அவர் காலத்துக் காசின் எடையை மட்டும் மாற்றவில்லை! 5 கோப்பெக் அப்போதும் சுமார் 16.4 கிராம், இப்போதும் அதே எடை. நம்ம அம்பது சென் காசைவிடப் பெரிசு. பழகிய கனம் கையில் பட்டால்தான் சனங்கள் நம்புவார்கள் போலும்! முகப்பில் மட்டும் கழுகுச் சின்னம் போய், பூகோளத்தின் மேல் அரிவாளும் சுத்தியலும் வந்தன. சுற்றிலும் தொழிலாளர் ஒற்றுமை முழக்கம். தேவை அதிகமாக இருந்ததால் 5 கோப்பெக் காசுகளில் ஒரு பகுதியை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அடித்து வாங்கினார்கள். முதலாளித்துவ நாட்டில் அச்சான பொதுவுடைமைக் காசு!

ஆனால் இவ்வளவு செம்பைக் காசுக்குக் கொட்டிக் கட்டுபடியாகுமா? 1926-ஆம் ஆண்டிட்ட காசுகள் அலுமினியம் கலந்த வெண்கலத்தில், மஞ்சள் நிறத்தில், சின்னதாக வந்தன. எடை என்ன தெரியுமா? ஒரு கோப்பெக் ஒரு கிராம், 2 கோப்பெக் 2 கிராம், 3 கோப்பெக் 3 கிராம், 5 கோப்பெக் 5 கிராம். படிக்கல் இல்லாவிட்டால் தராசில் காசையே வைத்து நிறுத்துவிடலாம்!

இந்த வெண்கலக் காசில் நாடு வளர்ந்த கதையும் உண்டு. அரசுச் சின்னத்தின் கதிர்களைச் சுற்றியுள்ள நாடாவின் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். 1937 முதல் 1946 வரை 11. 1948 முதல் 1956 வரை 16. 1957-இல் 15. ஒவ்வொரு சுற்றும் ஒரு குடியரசு. கரேலோ-பின்னிஷ் குடியரசு 1956-இல் கலைக்கப்பட்டதும் காசிலும் ஒரு சுற்று குறைந்துவிட்டது.

இனி முக்கியமான கட்டம். 1947 டிசம்பரில் பண மாற்றம் வந்தது. கையிலிருந்த நோட்டு பத்துக் கொடுத்தால் புதுசு ஒன்று. சேமிப்பு வங்கியில் 3,000 ரூபிள் வரை போட்டவர் தப்பினார். தலையணைக்குள் நோட்டை ஒளித்தவர் தலையில் கை வைத்தார். ஆனால் உலோகக் காசு மட்டும் மதிப்பு மாறாமல் நின்றது! 1961-இல் மீண்டும் பத்துக்கு ஒன்று. சம்பளமும் விலைவாசியும் பத்தில் ஒன்றாயின. அப்போதும் 1, 2, 3 கோப்பெக் காசுகளை மாற்றவில்லை. ‘போனால் போகட்டும்’ என்று உண்டியலில் போட்ட ஒரு கோப்பெக், ஒரே இரவில் பத்து மடங்கு பொருள் வாங்கும் காசாகிவிட்டது. எல்லாரும் ஏளனமாகப் பார்த்த சல்லிக்காசுதான் கடைசியில் நிலைத்து நின்றது. 1991-இல் அந்த நாடே மறைந்துவிட்டது. காசுகள் மட்டும் சேகரிப்போர் கைகளில் வாழ்கின்றன.

நீங்களும் சேகரிக்க விரும்பினால் சில வார்த்தைகள். 1924 செம்புக் காசு கிடைத்தால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கோடுகள் உள்ளதும் உண்டு, வழவழப்பானதும் உண்டு, வழவழப்பானதே அரிது. 1925-ஆம் ஆண்டு 2 கோப்பெக் மிக மிக அரிது. யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள். முக்கியமாக, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! அந்தக் கறுப்புதான் காசின் வயது. அதைத் தேய்த்தால் மதிப்பும் போய்விடும்.

பாட்டி வீட்டுத் தகர டப்பாவில் பழைய மலாயாக் காசு ஏதாவது கிடக்கிறதா? எடுத்துப் பாருங்கள். ஆண்டைப் படியுங்கள். அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். சரித்திரப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.