ரெட் புல் அணியை விடுங்க... லைப்சிக் நகரின் நிஜ மோதல் 4-வது டிவிஷனில்! லோக் - கெமி பகையின் பின்னணி என்ன?

ஜெர்மனியின் லைப்சிக் நகரம் என்றதும் நம்ம ஊர் கால்பந்து ரசிகர்களுக்கு ஞாபகம் வருவது ஆர்.பி. லைப்சிக். ரெட் புல் கம்பெனி பணத்தில் வளர்ந்து, சாம்பியன்ஸ் லீக் வரை போன அணி. ஆனால் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக மைதானத்துக்குப் போகிற குடும்பங்களிடம் "டெர்பி எப்போ?" என்று கேட்டால், அவர்கள் சொல்லும் ஆட்டத்தில் ஆர்.பி. இருக்காது. 4-வது டிவிஷனில் ஆடும் இரண்டு அணிகள்தான் இருக்கும். ஒன்று லோகோமோட்டிவ் லைப்சிக், சுருக்கமாக லோக். நிறம் நீலம், மஞ்சள். இன்னொன்று கெமி லைப்சிக். நிறம் பச்சை, வெள்ளை.

உலகம் முழுக்க டிவியில் பார்க்கிற ஆட்டம் இல்லை இது. ஆனாலும் டெர்பி நாளில் நூற்றுக்கணக்கில் போலீஸ் இறக்கப்படுகிறது. அப்படி என்னதான் பிரச்னை? விரிவாகப் பார்க்கலாம்.

பெயரிலேயே இருக்கும் தொழில்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லைப்சிக், கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த கிழக்கு ஜெர்மனிக்குள் வந்தது. அங்கே விளையாட்டு அணிகளை ஆலைகளோடும் அரசுத் துறைகளோடும் சேர்த்துவிட்டார்கள். எந்தத் துறையோ அந்தப் பெயர். ரசாயன ஆலைக்காரர்கள் என்றால் 'கெமி'. ரயில்வே என்றால் 'லோகோமோட்டிவ்'. சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி என்று அணிகள் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரே வித்தியாசம், அங்கே எந்த வீரர் எந்த அணியில் ஆட வேண்டும் என்பதையும் மேலிடமே முடிவு செய்தது.

கெமி 1951-ல் கிழக்கு ஜெர்மனி சாம்பியன் ஆனது. ஆனால் 1954-ல் அதன் வீரர்களை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். ஜெயித்த அணியே காலி. லொய்ட்ச் என்ற மேற்குப் பகுதியில் இருந்த அதன் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த ஜனங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1963: 'மிச்சம் மீதி' ஆட்கள் சாம்பியன் ஆன கதை

இந்தப் பகையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வருடத்தைத் தெரிந்துகொண்டால் போதும் என்றால், அது 1963.

அந்த வருடம் ஊரில் இருந்த இரண்டு பெரிய அணிகளையும் அதிகாரிகள் கலைத்தார்கள். நல்ல வீரர்கள் என்று தாங்கள் நினைத்தவர்களை எல்லாம் பொறுக்கி 'எஸ்.சி. லைப்சிக்' என்ற புது அணியில் போட்டார்கள். பிற்காலத்தில் லோக் ஆனது இந்த அணிதான். தேறாது என்று ஒதுக்கப்பட்டவர்களை லொய்ட்சுக்கு அனுப்பி, கெமி என்ற பழைய பெயரைக் கொடுத்தார்கள். ஊரில் அவர்களுக்கு வந்த பட்டப்பெயர் 'லைப்சிக்கின் மிச்சம்'.

பயிற்சியாளர் ஆல்ஃப்ரெட் குன்ட்சே. ஒதுக்கப்பட்ட அந்த ஆட்களை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? 1963-64 சீசனில் லீக் சாம்பியன் பட்டத்தையே தூக்கிவிட்டார். செல்லப்பிள்ளை அணியான எஸ்.சி. லைப்சிக்குக்கு மூன்றாம் இடம். 1966-ல் கெமி நாட்டின் கோப்பையையும் வென்றது.

கெமி மைதானத்துக்கு இன்று அவர் பெயர்தான். 'மிச்சம்' என்ற கேலிச் சொல்லை ரசிகர்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். சலுகை எல்லாம் எதிர்த் தரப்புக்கு, உழைப்பு எல்லாம் நமக்கு என்ற எண்ணம் அங்கே பேரன் பேத்தி வரை வந்திருக்கிறது.

லோக் தரப்புக்கும் ஒரு ராத்திரி உண்டு

எஸ்.சி. லைப்சிக்கின் கால்பந்துப் பிரிவு 1966-ல் தனியாகப் பிரிந்து லோக் ஆனது. நகரின் தென்கிழக்கே ப்ரோப்ஸ்ட்ஹைடாவில் அதன் சொந்த மைதானம். அரசு ஆதரவில் வளர்ந்த அணிதான், சந்தேகம் இல்லை. அதற்காக அவர்கள் ஆடியதெல்லாம் பொய் ஆகிவிடாது.

1987 ஏப்ரல். ஐரோப்பிய கோப்பை வின்னர்ஸ் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸின் போர்டோ அணியுடன் மோதல். ஆட்டம் பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது. லோக் கோல்கீப்பர் ரெனே முல்லர் பெனால்டியைத் தடுத்தார். கடைசி பெனால்டியைத் தானே போய் அடித்து கோலாக்கினார். அதிகாரப்பூர்வக் கணக்கில் பார்வையாளர்கள் 73,000. ஊர்க்காரர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பார்கள். ஏதென்ஸில் நடந்த இறுதிப் போட்டியில் அயாக்ஸிடம் 0-1 என்று தோற்றார்கள். கோல் அடித்தவர் மார்கோ வான் பாஸ்டன்.

லோக் ரசிகர்கள் இன்னொரு பெருமையும் பேசுவார்கள். 1903-ல் ஜெர்மனியின் முதல் தேசிய சாம்பியன் ஆன வி.எஃப்.பி. லைப்சிக்கின் வாரிசு தாங்கள்தான் என்பது அவர்கள் வாதம்.

சுவர் விழுந்தது, காசும் தீர்ந்தது

1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. ஆலைகள் மூடின, அணிகளுக்கு வந்த பணம் நின்றது, நல்ல வீரர்கள் மேற்கே போனார்கள். மைதானங்களில் வன்முறை தலைவிரித்து ஆடியது. 1990 நவம்பர் 3-ம் தேதி, லொய்ட்சில் நடந்த ஒரு ஆட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் பெர்லினிலிருந்து வந்த 18 வயது ரசிகர் ஒருவர் உயிரிழந்தார். அது டெர்பி இல்லை. ஆனால் அந்தக் காலத்து நிலைமையைச் சொல்ல அந்த ஒரு நாள் போதும்.

புதுக் காலத்துக்குப் புதுப் பெயர் வேண்டும் என்று நினைத்தார்கள். கெமி, 'எஃப்.சி. சாக்சன் லைப்சிக்' ஆனது. லோக் மறுபடி வி.எஃப்.பி. என்ற பழைய பெயருக்குப் போய், 1993-94-ல் ஒரே ஒரு சீசன் புண்டஸ்லீகாவில் ஆடி, கடைசி இடத்தில் முடித்து இறங்கியது. பிறகு கடன் மேல் கடன். வி.எஃப்.பி. 2004-ல் திவாலாகி மூடப்பட்டது. சாக்சன் 2011-ல் மூடப்பட்டது.

மறுபடி முதலிலிருந்து

வேறு ஊராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். இங்கே ரசிகர்களே களத்தில் இறங்கினார்கள். 2003 டிசம்பரில் லோக் என்ற பெயரை மீட்டு புது கிளப் பதிவு செய்தார்கள். ஆரம்பித்த இடம் 11-வது டிவிஷன். நம்ம ஊர் ஏரியா டோர்னமென்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2004 அக்டோபர் 9-ம் தேதி, பக்கத்து ஊர் கிளப்பின் இரண்டாம் அணியோடு நடந்த ஆட்டத்தை நகரின் பெரிய ஸ்டேடியத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் 12,421 பேர். அந்த மட்டத்து ஆட்டத்துக்கு அது உலக சாதனை!

கெமி பக்கமும் அதே கதை. சாக்சன் நிர்வாகம் பிடிக்காமல் வெளியேறிய ரசிகர்கள் 2008-ல் கெமி என்ற பெயரில் ஆகக் கீழ் மாவட்ட லீக்கில் ஆட ஆரம்பித்தார்கள். படிப்படியாக ஏறி வந்து, 2017-18 சீசனில் இரண்டு அணிகளும் 4-வது டிவிஷனில் எதிரெதிரே நின்றன.

இந்த நிருபரின் பார்வையில், இரண்டு தரப்பும் மீண்டும் எழுந்ததில் எதிரிக்கும் பங்கு உண்டு. பெயரை விட்டுவிட்டால் எதிர் ஆள் சிரிப்பான் என்பதே பலருக்குப் போதுமான காரணமாக இருந்திருக்கும்!

ரெட் புல் எங்கே வருகிறது?

2006-ல் ரெட் புல் முதலில் கதவைத் தட்டியது எஃப்.சி. சாக்சன் கிளப்பைத்தான். ரசிகர்கள் எதிர்த்தார்கள், ஜெர்மன் கால்பந்து சங்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. 2009-ல் பக்கத்திலிருந்த மார்க்ரான்ஸ்டெட் என்ற சிறிய கிளப்பின் இடத்தை வாங்கி 5-வது டிவிஷனில் நுழைந்தார்கள். 2016-ல் புண்டஸ்லீகா. ஊரில் பெரும் கூட்டம் இப்போது ஆர்.பி. பக்கம். லோக்கும் கெமியும் ஒருமித்துப் பேசும் அபூர்வமான விஷயம், ஆர்.பி.-யைப் பிடிக்காது என்பதுதான்.

அழகான பகையா இது?

இல்லை. இதைச் சும்மா பாசக் கதையாக எழுதிவிட முடியாது. கெமி ரசிகர் கூட்டத்தில் இடதுசாரி சாய்வு அதிகம். லோக் ரசிகர்களில் ஒரு பிரிவுக்கு நீண்ட காலமாகத் தீவிர வலதுசாரித் தொடர்பு இருந்தது. 2006-ல் இரு தரப்பு ஜூனியர் அணிகள் ஆடிய ஆட்டத்தில் லோக் ரசிகர்கள் சிலர் கேலரியில் ஸ்வஸ்திகா வடிவில் வரிசைகட்டி நின்றார்கள். ஜெர்மனியில் நாஜி சின்னம் காட்டுவது குற்றம். 2007 பிப்ரவரியில் லோக் ஆட்டம் ஒன்றுக்குப் பிறகு பெரிய கலவரம். 36 போலீசார் காயமடைந்தனர்.

எல்லா லோக் ரசிகரும் அப்படி என்று சொன்னால் அது அநியாயம். 2020 கொரோனா முடக்கத்தில் வருமானம் நின்றபோது, கண்ணுக்குத் தெரியாத எதிரணியோடு 'ஆட்டம்' என்று அறிவித்து ஒரு யூரோவுக்கு டிக்கெட் விற்றதும் இதே கிளப்தான். 1,80,000-க்கும் மேல் விற்றுத் தீர்ந்தது.

மேலே போக முடியாதது ஏன்?

கெமிக்கும் நல்ல நாட்கள் வந்தன. 2018-ல் ஜெர்மன் கோப்பை முதல் சுற்றில் இரண்டாம் டிவிஷன் அணியான ரேகன்ஸ்பர்க்கை 2-1 என்று வீழ்த்தியது. ஆனால் லீக்கில் ஏறுவது வேறு விஷயம். ஜெர்மனியில் 4-வது டிவிஷன் ஐந்து மண்டலங்களாக நடக்கிறது. சாம்பியன்கள் ஐந்து பேர், மேலே இடம் நான்குதான். அதனால் இரண்டு சாம்பியன்கள் தங்களுக்குள் மோத வேண்டும். லோக் இதில் இரண்டு முறை மாட்டியது. 2020-ல் வெர்ல் அணியோடு 2-2, 1-1. வெளியூர் கோல் கணக்கில் வாய்ப்பு போனது. 2025-ல் மறுபடி மண்டல சாம்பியன். இந்த முறை ஹாவெல்ஸே அணியிடம் தோல்வி.

லோக் ஏறியிருந்தால் கெமியுடன் லீக் டெர்பியே இருந்திருக்காது. 2025-26 சீசனையும் இரண்டு அணிகளும் அதே 4-வது டிவிஷனில், அதே மண்டலத்தில்தான் தொடங்கின.